கொக்குவில் கூரையில் ஒரு சூரியச் சுடுதண்ணீர்த் தாங்கி: பதினேழு மாதப் பாவனைக்குப் பிறகு

2024 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கொக்குவில் வீட்டின் மேல்தளத்தில் 200 லீற்றர் சூரியச் சுடுதண்ணீர்த் தொகுதி ஒன்று பூட்டினோம். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை. இருபது குழாய்கள், அவற்றின் தலைப்பில் உருளைத் தாங்கி, தாங்குவதற்கு இரும்புக் கால்கள். பூட்டுக்கூலி, பைப் வேலை எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு சோளகக் காற்று, ஒரு வாடைக் காற்று, ஒரு நல்லூர்த் திருவிழா, ஒரு பெருவெள்ளம் எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. வாங்க நினைக்கும் ஆட்கள் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கம்பனியின் பெயரை எழுதவில்லை. இங்கே விற்கும் இந்த வகைத் தொகுதிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு, ஸ்டிக்கர்தான் வேறு.

நான் முப்பத்தொரு வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். ஆகவே தாங்கி வந்த நாளிலிருந்து வெப்பமானியும் கொப்பியுமாக அதன் பின்னாலேயே நின்றேன். வீட்டில் அம்மாவுக்கு எண்பத்துமூன்று வயது, முழங்கால் வருத்தம். எங்கள் ஊரில் மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாகவே இருக்கும். அள்ளிக் குளிக்கிறவர்களுக்குக் குளிர் தெரியாது. அம்மாவால் இப்போது கிணற்றடிக்குப் போக முடியாது. மேல்தாங்கியில் இரவு முழுக்க வாடைக் காற்றில் நின்ற தண்ணீர்தான் அவருக்குக் குழாயில் வரும். அது எலும்புக்குள் இறங்கும். முன்பு குளியலறையில் மின்சார ஹீற்றர் இருந்தது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் என்று ஏறிய பிறகு அதன் சுவிட்சைத் தொடவே யோசனையாகிவிட்டது. அம்மா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு கேத்தில் சுடுதண்ணி காணும் பிள்ளை" என்றார். அடுத்த கிழமையே கடைக்குப் போனேன்.

பூட்ட வந்த தம்பி பெட்டியைத் திறந்ததும் ஒரு குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆறடி நீளம், மணிக்கட்டுப் பருமன். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு கண்ணாடிக் குழாய். இரண்டுக்கும் நடுவில் காற்று இல்லை. உட்குழாயின் மேல் கருநீலப் பூச்சு. வெயிலை அது விழுங்கிக்கொள்ளும், பிடித்த சூட்டை இலகுவில் வெளியே விடாது. மூடிய நுனியில் வெள்ளிப் பாத்திரத்தின் அடிபோல ஒரு பளபளப்பு. அது பேரியப் படலம். வெற்றிடத்துக்குள் கொஞ்சம் காற்றுக் கசிந்தாலும் அந்தப் பளபளப்பு போய்ப் பால் வெள்ளையாகிவிடும். குழாய் நல்லதா கெட்டதா என்று கண்ணாலேயே பார்த்துச் சொல்ல இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

எங்களுக்கு வந்த இருபதில் ஒன்றின் நுனி வெள்ளை. காட்டினேன். "அது ஒண்டும் செய்யாது ரீச்சர், தண்ணி ஒழுகாதுதானே" என்றார் தம்பி. ஒழுகாது என்பது உண்மை. ஆனால் வெற்றிடம் போன குழாய் சூட்டை வைத்திருக்காது, பகலில் பிடித்ததை அப்போதே காற்றுக்குக் கொடுத்துவிடும். பூட்டி முடித்து மத்தியானம் ஒரு மணிக்கு அவரை மேலே கூப்பிட்டு ஒவ்வொரு குழாயாகத் தொடச் சொன்னேன். பத்தொன்பது குழாய்கள் சும்மா வெயிலில் கிடந்த கண்ணாடி போல இருந்தன. அந்த ஒன்று மட்டும் விரலைச் சுட்டது. தம்பி கையை எடுத்துவிட்டு, திரும்பவும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அடுத்த நாளே வேறு குழாய் வந்தது. நல்ல பிள்ளை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொகுதியில் மோட்டர் இல்லை, மின்சாரம் இல்லை. குழாயில் சூடான தண்ணீர் இலேசாகி மேலே தாங்கிக்கு ஏறும். தாங்கியின் அடியில் நிற்கும் குளிர்ந்த தண்ணீர் அதன் இடத்துக்கு இறங்கும். தாங்கியைச் சுற்றி ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பில் நுரை. முதல் மாதம் முழுவதும் மாலை ஆறு மணிக்கும் காலை ஐந்தரைக்கும் அளந்தேன். நல்ல வெயில் நாளில் மாலையில் 70 பாகையை ஒட்டி இருக்கும். காலையில் 63, 64. ஒரு முழு இரவில் ஆறு ஏழு பாகைதான் போகிறது. அம்மா குளிக்கும் ஐந்தரை மணிக்குப் பச்சைத் தண்ணீர் கலக்காமல் கை வைக்க ஏலாது.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். 200 கிலோ தண்ணீர், 30 பாகையிலிருந்து 70 வரை, தன்வெப்பக் கொள்ளளவு 4.2. பெருக்கினால் 33,600 கிலோயூல். ஒரு யூனிற் மின்சாரம் என்பது 3,600 கிலோயூல். அதால் பிரித்தால் ஒன்பது யூனிற்றுக்குச் சற்று மேல். பக்கத்து வீட்டுத் தம்பி தன் சோலர் தகட்டோடு சேர்த்து ஐந்து யூனிற் கொள்ளும் லிதியம் பற்றரி ஒன்று விசாரித்திருந்தார். அந்தப் பற்றரி மட்டுமே என் முழுத் தொகுதியைவிட விலை கூட. அதில் அடங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி என் கூரையில் ஒரு தகர உருளைக்குள், வெறும் தண்ணீரில், இரவு முழுக்கக் குந்தியிருக்கிறது. இதைக் கேட்டதும் ஒரு மாணவி உடனே கேட்டாள்: "அப்ப இதில இருந்து கரண்ட் எடுக்கலாமோ ரீச்சர்?"

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. பதில் சொல்ல இரண்டு பின்னேரம் எடுத்தது.

எடுக்கலாம், ஆனால் வரும்படி இல்லை. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரமும் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் பிழைக்கிறது. 70 பாகைத் தண்ணீரை எடுத்து 30 பாகைக் காற்றில் விட்டால், எந்தக் குறையும் இல்லாத இயந்திரம்கூட நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் தர முடியாது. இதே கணக்கை 565 பாகைக்குப் போட்டால் எல்லை 64 பங்கு. நீராவியில் ஓடும் உண்மையான சுழலி நூற்றுக்கு 40 பங்கு அளவுக்குத் தரும். அதனால்தான் சூரிய வெப்பத்தில் மின்சாரம் எடுக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் ஆடிகளை வைத்து வெயிலைக் குவித்தார்கள். 1913 இலேயே கெய்ரோவுக்குப் பக்கத்தில் மாடி என்ற இடத்தில் பிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் நீண்ட பரவளைவுத் தொட்டி ஆடிகளைப் பரப்பி, நீராவி எடுத்து, நைல் ஆற்றுத் தண்ணீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். இறைப்பு என்று சொன்னதும் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தோட்டம் செய்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் மிசின் ஓடுமா என்பது அவர்கள் அப்பாமார் வாழ்க்கை முழுக்கக் கேட்ட கேள்வி.

பிறகு 1984 தொடங்கிக் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் அதே தொட்டி ஆடிகளில் ஒன்பது நிலையங்கள் எழுந்தன. மொத்தம் 354 மெகாவாற்று. ஆனால் எனக்கு இதில் பிடித்த பகுதி ஸ்பெயினில் நடந்தது. கிரனாடா மாகாணத்தில் அண்டசோல் என்றொரு நிலையம். 50 மெகாவாற்று. அதில் இரண்டு பெரிய தாங்கிகள், ஒவ்வொன்றும் 14 மீற்றர் உயரம், 36 மீற்றர் விட்டம். உள்ளே தண்ணீர் இல்லை, உருகிய உப்பு. 28,500 தொன். சோடியம் நைத்திரேற்று 60 பங்கு, பொற்றாசியம் நைத்திரேற்று 40 பங்கு. எங்கள் ஊரில் வெடியுப்பு என்று சொல்வோமே, அதுதான் இரண்டாவது. பயிருக்குப் போடும் உரமும் அதுவே. பகலில் ஆடிகள் பிடித்த சூட்டில் ஒரு பகுதி, 290 பாகைத் தாங்கியிலிருந்து உப்பை எடுத்து 390 பாகை அளவுக்கு ஏற்றி மற்றத் தாங்கியில் விடுகிறது. பொழுது பட்ட பிறகு அந்தச் சூட்டில் நீராவி எடுத்துச் சுழலியை ஏழரை மணித்தியாலம் ஓட்டுகிறார்கள்.

2011 இல் அதே ஸ்பெயினில் செவில் பக்கம் ஹெமசோலார் என்ற நிலையம் வந்தது. அங்கே ஆடிகள் தொட்டி வடிவில் இல்லை. 2,650 தட்டை ஆடிகள் வட்டமாக நின்று, 140 மீற்றர்க் கோபுரத்தின் தலையில் வெயிலை எறிகின்றன. உப்பு 565 பாகைக்குப் போகிறது. 15 மணித்தியாலச் சேமிப்பு. அந்தக் கோடையிலேயே ஒரு நாள் முழுக்க, இரவும் பகலும் நிற்காமல், வெயில் சக்தியில் மட்டும் மின்சாரம் கொடுத்தது. 20 மெகாவாற்றுக்கும் குறைந்த சின்ன நிலையம்தான். என்றாலும் நள்ளிரவில் எரியும் ஒரு குமிழுக்குப் பகல் வெயில் போய்ச் சேர்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும் சங்கதி. மேலே போய்த் தாங்கியைத் தட்டிக் காட்டி, "இதுவும் அதுவும் ஒரே வேலைதான், இது தண்ணீரில் 70 பாகை, அது உப்பில் 565" என்றேன். ஏன் உப்பு என்று ஒருவன் கேட்டான். தண்ணீர் அந்தச் சூட்டில் நீராவியாகி, பயங்கர அழுத்தத்தோடு நிற்கும். உப்போ சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் போல ஓடும். ஆனால் 220, 240 பாகைக்குக் கீழே போனால் பைப்புக்குள்ளேயே உறைந்துவிடும். அதனால் அதை ஒருபோதும் ஆறவிடக் கூடாது. இராஜஸ்தானில் அபு ரோட்டில் 60 சதுர மீற்றர் ஆடிகள் 770 வைத்து, சூட்டை வார்ப்பிரும்புக் கட்டிகளில் சேமிக்கிற ஒரு மெகாவாற்று நிலையமும் இருக்கிறது. எதில் சேமிப்பது என்பது ஒரு தெரிவுதான்: தண்ணீர், எண்ணெய், உப்பு, இரும்பு.

எங்கள் குடாநாட்டில் இப்படி ஒன்று கட்டலாமா? சரிவராது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆடி நேரே வரும் கதிரை மட்டும் குவிக்கும். முகிலிலும் ஈரத்திலும் சிதறி வரும் வெளிச்சத்தைக் குவிக்காது. முற்றத்தில் உங்கள் நிழல் வெட்டி வைத்தது போல விழுகிறதா, ஓரம் மங்கி விழுகிறதா என்று பாருங்கள். மங்கினால் ஆடிக்கு வேலை குறைவு. இரண்டு பக்கமும் கடல் இருக்கிற எங்களுக்கு மங்கிய நாட்கள் அதிகம். என் கண்ணாடிக் குழாய் அந்த மங்கிய வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். அப்படியான நிலையங்களுக்குப் பாலைவனம்தான் இடம். மொரோக்கோவில் வர்சசாத், துபாயில் 260 மீற்றருக்கு மேல் உயர்ந்த கோபுரம். அங்கேயும் எல்லாம் சரியாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். நெவாடாவில் 110 மெகாவாற்றுக்குக் கட்டிய கிரெசன்ட் டியூன்ஸ் நிலையத்தில் 2016 இல் உப்புத் தாங்கி ஒழுகி, மாதக்கணக்கில் நின்றுபோனது. அதற்குள் சோலர் தகடு விலை விழுந்துவிட்டது. அந்த நிறுவனம் 2020 இல் வங்குரோத்துக்குப் போனது. தாங்கி ஒழுகினால் என்ன நடக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சேமிப்பில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிமானம் என்றால், 1990 க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாத வருடங்களில்தான் நான் புதிய ஆசிரியை. ஜாம் போத்தல் விளக்கில் கொப்பி திருத்தினேன். இரவு வானொலிச் செய்திக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, என் தம்பி பெடலைக் கையால் சுற்றுவான். அப்பா வானொலியோடு காதை வைத்திருப்பார். தம்பி கை மாற்றுகிற அந்த ஒரு கணத்தில் வசனம் அறுந்துவிடும். அறுந்த இடத்தில்தான் எப்போதும் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது என்று அப்பா சத்தம் போடுவார். மின்சாரம் உண்டாக்க எங்களுக்குத் தெரியும். ஒரு நிமிடம் எடுத்து வைக்கத்தான் வழி இருக்கவில்லை.

2025 இல் அதையே வேறு விதமாகப் பார்த்தோம். பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் என்று அறிவித்தார்கள். நல்ல உச்சி வெயில். பக்கத்து வீட்டுத் தம்பியின் கூரை நிறையச் சோலர் தகடுகள், ஆனால் வீட்டுக்குள் மின்விசிறி நின்றுவிட்டது. வெளி மின்சாரம் போனால் அந்த வகை இன்வேட்டர் தானாக நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். வயரில் வேலை செய்கிறவரின் உயிரைக் காக்க அது வேண்டும். பற்றரி இல்லாததால் அவருக்கு வெயில் இருந்தும் பிரயோசனப்படவில்லை. ஏப்ரலில் புதுவருட விடுமுறை நாட்களில் இன்னொன்று நடந்தது: பாவனை குறைவு, பகல் உற்பத்தி கூட, ஆகவே கூரைத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தி வையுங்கள் என்று நாடு முழுக்க வேண்டுகோள் வந்தது. பகலில் மிஞ்சுகிறது. மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் காணாமல் போகிறது. அந்த நாட்களில் என் தாங்கி என்ன செய்தது என்று கேட்டால், மற்ற நாள் செய்ததைத்தான் செய்தது. அம்மா குளித்தார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். மூன்று இருக்கின்றன, மூன்றும் வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை.

2024 ஜூலையில், சோளகம் வீசிய ஒரு இரவு, இரண்டு மணி இருக்கும், மேலே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மழை பெய்வது போல ஒரு இரைச்சல். ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்துத் தென்னையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று அடிப்பக்கம் குத்த விழுந்திருந்தது. ஒரே ஒரு குழாய்தான் உடைந்தது. ஆனால் இந்த வகையில் எல்லாக் குழாயும் தாங்கியோடு ஒரே தண்ணீர். ஒன்று உடைந்தால் முழுத் தாங்கியும் அந்த ஓட்டையால் வெளியே வரும். ரோச் வெளிச்சத்தில் ஆவி பறக்கச் சுடுதண்ணீர் தளம் முழுக்க ஓடி, பீலியால் கீழே ரோசாச் செடிகளில் கொட்டியது. சுடுதண்ணீர் முடிந்த பிறகும் நிற்கவில்லை. ஆயிரம் லீற்றர் மேல்தாங்கித் தண்ணீர் அதன் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மூடும் வால்வைக் கடைக்காரர் தாங்கிக்குப் பின்னால், இரும்புக் காலுக்கு நடுவில் வைத்திருந்தார். சுடுதண்ணீர் கொட்டும் இடத்தைத் தாண்டாமல் அதைத் தொட முடியாது. விடியும்போது வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரும் இல்லை. ரோசாவில் இரண்டு பட்டுப்போனது.

கடைக்கு அடித்தேன். மூன்று நாளில் வருகிறோம் என்றார்கள், பதினோராம் நாள் வந்தார்கள். ஒரு குழாய் தனியாகக் கையிருப்பில் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஐந்து வருட உத்தரவாதத்தில் கண்ணாடி அடங்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உத்தரவாதத் தாளின் பின்பக்கத்தில் இருந்ததை நான் வாசிக்கத் தவறவில்லை, எனக்குத் தந்த தாளில் பின்பக்கமே அச்சாகவில்லை. அதைவிடக் கோபம் வந்தது வேறொரு பிளம்பர் சொன்னதைக் கேட்டபோது. உடைந்த குழாயின் ஓட்டைக்கு ஒரு இறப்பர் மூடி இருக்கிறதாம். அதைச் செருகினால் மிச்சம் பத்தொன்பது குழாயோடு அன்றைக்கே ஓடும். அந்த மூடி ஒன்றைப் பெட்டியோடு தந்திருந்தால் அம்மா பதினொரு நாள் கேத்திலுக்குத் திரும்பியிருக்க வேண்டாம். திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல் கிழமைதான் குழாய் பூட்டி முடிந்தது. மச்சாள் ஆட்கள் வந்து இறங்க, சுடுதண்ணீரும் வந்தது. ஆறு பேர், ஒருவருக்கும் குறையவில்லை.

இரண்டாவது, எங்கள் தண்ணீர். குடாநாட்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கிணற்றில் வருவது அதற்குள்ளால் ஊறிய தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, சூடாக்கினால் காபனீரொட்சைட்டை விட்டுவிட்டுக் கல்சியம் காபனேற்றாகப் படியும். கேத்திலின் அடியில் நீங்கள் சுரண்டும் அந்த வெள்ளைத் தோல். சூடு கூடக் கூடப் படிவும் கூடும். ஒரு வருடம் முடிந்து 2025 ஜனவரியில் ஷவரில் தண்ணீர் மெலிந்தது. ஒரு குழாயைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தேன். உள்ளங்கை நிறைய வெள்ளைப் பொருக்கு விழுந்தது, முட்டைக் கோது நொறுக்கியது போல. பிள்ளைகளுக்கு முன்னால் வினாகிரி விட்டேன்; நுரைத்துப் பொங்கியது. இருபது குழாயையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவ ஒரு முழு நாள் போனது. தாங்கிக்குள் போடும் மகனீசியக் கோலையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். தாங்கியின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் போவதற்காக வைப்பது அது. விரல் மொத்தத்தில் இருந்தது பென்சில் முனையாகத் தேய்ந்திருந்தது. அப்படி ஒரு கோல் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கடையில் ஒருவரும் சொல்லவில்லை. உவர்த் தண்ணீர்ப் பக்கம் இருக்கிறவர்கள், கடலேரிக் கரை ஆட்கள், இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அப்படித் தண்ணீர் உள்ள இடத்தில் இந்த வகையை நான் பரிந்துரைக்கவே தயங்குவேன்.

இப்போது பாவனை குறைந்த மாதங்களில் பத்துக் குழாயைப் பழைய தறப்பாளால் மூடிவிடுகிறேன். சித்திரை வெயிலில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கும்போது தண்ணீர் கொதிக்கப் போய், காற்றுப் பைப்பால் ஆவி வருகிறது. தேவையில்லாத சூடு, தேவையில்லாத படிவு. மூடிய பிறகு 60 ஐத் தாண்டுவதில்லை, குளிக்க அது தாராளம்.

மூன்றாவது மழை. அதை ஒரு குறை என்று சொல்வதைவிடக் கணக்கில் வைத்திருக்க வேண்டியது என்று சொல்லலாம். 2024 நவம்பர் கடைசியில் பெருமழை கொட்டியபோது முதல் நாள் மாலை 49 பாகை, இரண்டாம் நாள் 39, மூன்றாம் நாள் 33. அதற்குப் பிறகு சும்மா தண்ணீர். தாங்கிக்குள் ஒன்றரைக் கிலோவாற்று மின் ஹீற்றர் ஒன்று துணைக்கு வரும். அந்த நாட்களில் மின்சாரமும் வந்து வந்து போனதால் அதை நம்பவில்லை. அடுப்பில்தான் காய்ச்சினோம். வருடத்தில் அப்படி இருபது நாள் வரை வந்தது என்று என் கொப்பி சொல்கிறது. மிச்ச நாள் முழுக்க வெயில்தான் காய்ச்சித் தந்தது.

பூட்டிய கடையின் வேலைப்பாட்டுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். இரும்புக் கால்களைத் தளத்தில் நன்றாக இறுக்கியிருந்தார்கள், சோளகத்தில் அசையவில்லை. தாங்கி தெற்குப் பார்த்து, மாமர நிழல் படாமல் நிற்கிறது. சுடுதண்ணீர்ப் பைப்புக்கு மட்டும் சாதாரண வெள்ளைப் பைப்பைப் போட்டுவிட்டார்கள், மூன்றாம் மாதமே மூட்டு இளகித் தொங்கியது. சுடுதண்ணீருக்கென்று விற்கும் பைப்பைச் சொந்தச் செலவில் மாற்றினேன். விற்கும் நேரம் இருந்த ஆர்வம், குழாய் உடைந்த நேரம் இருக்கவில்லை.

தொகுதிக்கு என் மதிப்பு வேறு. பெரிய குடும்பம், வயதானவர்கள், வந்து போகும் விருந்தாளிகள், கூரையில் ஒரு கட்டில் அளவு வெயில் படும் இடம், உவரில்லாத கிணறு இவையெல்லாம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒருவர் இருவர் உள்ள வீட்டுக்கு 100 லீற்றர் போதும். 200 வாங்கிக் கொதிக்க விட வேண்டாம். தென்னை மேலே சாய்ந்திருந்தால் முதலில் மரத்துக்கு ஆள் பிடித்து மட்டை வெட்டுங்கள். வால்வைக் கீழே, படிக்கட்டுப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். காசு கொடுக்கும் முன் இருபது நுனியையும் நீங்களே பாருங்கள்.

நான் போன கிழமை புதிய மகனீசியக் கோல் ஒன்றும் இறப்பர் மூடி இரண்டும் எடுப்பித்தேன். உபரியாக வாங்கிய இரண்டு குழாய்களும் சாக்கில் சுற்றி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. கூட்டும்போது தும்புத்தடி பட்டுவிடும் என்று அந்தப் பக்கம் அம்மா ஒருவரையும் கூட்ட விடுவதில்லை.